கறுப்பு வண்டியில் வெள்ளைப் புள்ளி: உப்புத் தண்ணீர் செய்யும் வேலை

நோயாளிகளை மதுரைக்கு அழைத்துப் போய் வருவதற்காக வாங்கிய கறுப்பு வண்டியைப் பற்றிச் சில வாரங்களாகவே கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. ஜும்ஆ முடிந்து வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில் ஒரு பெரியவர் வாய்விட்டே கேட்டுவிட்டார்: "புது வண்டிதானே தம்பி, அதுக்குள்ள அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சே?" கேட்டதில் தவறில்லை. அந்த வண்டியில் நீங்கள் மாதாமாதம் கொடுத்த சந்தா இருக்கிறது. பிள்ளைகள் உண்டியலில் போட்ட சில்லறையும் இருக்கிறது. அமானிதமாக ஒப்படைத்த பொருளுக்கு என்ன ஆனது என்று சொல்வது எங்கள் கடமை.

நடந்தது இதுதான். வெள்ளை நிறம் வேண்டுமானால் காத்திருக்க வேண்டும், கறுப்பு உடனே கிடைக்கும் என்றார்கள். டயாலிசிஸுக்குப் போகிறவர்களை நிறத்துக்காகக் காக்கவைக்க முடியாது என்று கறுப்பையே எடுத்தோம். வண்டி எப்போதும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லிவைத்தோம். அவரும் விடியற்காலையில் கிளம்பி மதுரை போய்த் திரும்பியதும், உச்சி வெயிலில் போர் தண்ணீரை ஹோஸ் பைப்பில் அடித்துக் கழுவுவார். லுஹருக்கு நேரமாகிவிட்டதென்று வண்டியை அப்படியே விட்டுவிட்டுத் தொழப் போவார். தொழுதுவிட்டு வருவதற்குள் வண்டி தானாகக் காய்ந்திருக்கும். இப்படியே இரண்டு மாதம். அவர் அக்கறையாகத்தான் செய்தார். எப்படிக் கழுவ வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க எங்களுக்கே தெரிந்திருக்கவில்லை. முதலில் பானெட்டிலும் கூரையிலும் சாம்பல் நிறத்தில் புள்ளிகள் தெரிந்தன. ஈரத் துணியால் துடைத்தால் மறையும், காய்ந்ததும் திரும்ப வந்து நிற்கும்.

இதற்காக அலைந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். நம் மஹல்லாவில் தவணையில் கறுப்பு பைக்கும் ஸ்கூட்டரும் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களுக்கு ஆனது அவர்களுக்கும் ஆக வேண்டாம்.

நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும்

நம் பக்கம் தண்ணீரை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவோம். ராஜபாளையத்தில் அய்யனார் கோயில் மலையிலிருந்து இறங்கி, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து குழாயில் வருவது நல்ல தண்ணி. மலையில் பெய்த மழை பாறை மேல் ஓடிச் சீக்கிரமே தேக்கத்துக்கு வந்துவிடுவதால் அதில் கரைந்திருக்கும் பொருள் குறைவு. வீட்டுக்குப் பின்னால் போர் போட்டு எடுப்பது வேறு கதை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே இருக்கும் கரியமில வாயுவையும் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாக மாறுகிறது. பிறகு பாறை இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி, சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது.

நம் மாவட்டத்தில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. கரிசலைத் தோண்டினால் சுக்கான் கல் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிறார்கள். விருதுநகர் அருகே ஆர்.ஆர். நகரில் சிமெண்ட் ஆலை வந்ததே அந்தக் கல் இருப்பதால்தான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாலும் இதே நிலைதான். மலையடிவாரத்துத் தோட்டக் கிணற்றுக்கும் கிழக்கே கரிசல் பக்கம் போட்ட போருக்கும் வித்தியாசம் நாக்கிலேயே தெரியும். துவைக்கிற சோப்பு நுரைக்கிறதா இல்லையா என்பதிலும் தெரியும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் இந்தச் சுண்ணாம்பு, மெக்னீசியத்தின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். இந்தியத் தர அமைவனத்தின் குடிநீர் விதி (ஐ.எஸ். 10500) அது ஒரு லிட்டரில் 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த 600-ஐயே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் வாளி ஒன்றில் 12 கிராம் கல் கரைந்திருக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாமல், தெளிந்த தண்ணீருக்குள் இரண்டு மூன்று டீஸ்பூன் சுண்ணாம்புத் தூள். கழுவும்போது அதில் பெரும்பகுதி தரையில் ஓடிவிடும். வண்டி மேல் துளித்துளியாகத் தங்குவதில் இருக்கும் கொஞ்சம்தான் இத்தனை வேலையும் செய்கிறது.

கல் எப்படி வண்டியில் ஒட்டுகிறது

தண்ணீர் ஆவியாகும், கல் ஆவியாகாது. விஷயம் அவ்வளவுதான் என்றாலும் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும்போது சுண்ணாம்பு பைகார்பனேட் என்ற வடிவில் இருக்கிறது. அது தண்ணீரில் கரையும். துளி சூடாகிக் காயும்போது கரியமில வாயு பிரிந்து போய்விட, மிஞ்சுவது கால்சியம் கார்பனேட். சாக்பீஸ் இனத்தைச் சேர்ந்த இந்தப் பொருள் மறுபடியும் தண்ணீர் ஊற்றினால் கரைவதில்லை. சமையல் உப்பு காய்ந்து படிந்தால் ஒரு குவளைத் தண்ணீரில் போய்விடும், இது போகாது. அதனால்தான் ஈரத் துணியால் துடைத்தபோது எங்களுக்குப் புள்ளி மறைந்தது போலத் தெரிந்து ஏமாற்றியது.

பள்ளிவாசல் ஹவுளின் விளிம்பில், தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டை கட்டியிருக்கும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியிலும், ஷவர் துளைகளிலும், ஒளுச் செய்யும் குழாய்களின் மூக்கிலும் அதே பொருள்தான். தினமும் கண் முன்னால் இருந்தும், வண்டியில் வரும் வரை நாங்கள் அதை யோசிக்கவில்லை.

புள்ளிகள் ஏன் வளையம் வளையமாக இருக்கின்றன என்றும் கேட்டார்கள். டீ டம்ளரிலிருந்து சிந்திய துளி காய்ந்த இடத்தைப் பாருங்கள்: நடுவில் வெளுத்தும் ஓரத்தில் அடர்ந்தும் இருக்கும். துளியின் ஓரம் மெலிதாக இருப்பதால் அங்கே சீக்கிரம் காய்கிறது. காய்ந்த இடத்தை நிரப்ப நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடும்போது தன்னிடம் இருப்பதையும் சுமந்துகொண்டு போய் விளிம்பில் இறக்குகிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-ல் இதை விளக்கி எழுதினார்கள். எல்லா வீட்டு மேசையிலும் நடக்கும் ஒரு விஷயத்துக்குக் காரணம் தெரிய அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது!

கறுப்பு வண்டியில்தான் இது வருகிறது என்று நினைப்பது சரியல்ல. வெள்ளை வண்டியிலும் இதே அளவு படிகிறது, வெள்ளை மேல் வெள்ளை தெரிவதில்லை. ஆனால் கறுப்புக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அது வெயிலை அதிகம் உறிஞ்சுகிறது. சித்திரை வெயிலில் நின்ற கறுப்பு பானெட்டில் கை வைத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சூட்டில் துளி நொடிகளில் காய்கிறது, கல் அழுத்தமாகப் பிடிக்கிறது. துளிகள் பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்துப் பெயிண்டை எரிக்கின்றன என்று சிலர் சொல்வதுண்டு. பெயிண்ட் மேல் பரந்து உட்கார்ந்த துளி ஒளியைத் தனக்குக் கீழே வெகுதூரம் தள்ளித்தான் குவிக்கும், அது காரணமல்ல. சூடும் கல்லும்தான் காரணம்.

வண்டியின் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. பொதுவாக அதன் கனம் 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனத்தைவிடக் குறைவு. பளபளப்பெல்லாம் அதில்தான். புதிதாகப் படிந்த கல் அதன் மேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான், எடுத்துவிடலாம். வாரக்கணக்கில் விட்டு, வெயிலில் காய்ந்து, மேலே மேலே படிந்தால் பூச்சையே அரித்து உள்ளே பள்ளம் விழும். கல்லை எடுத்த பிறகும் வளையம் தெரிந்தால் அது கறை அல்ல, தழும்பு.

ஆசிட் மட்டும் வேண்டாம்

எங்களுக்கு வந்த முதல் யோசனை பாத்ரூம் ஆசிட். டைல்ஸில் இருக்கும் உப்புக் கறையைச் சடசடவென்று எடுக்கிறதே, இதையும் எடுக்காதா என்றார் ஒருவர். கல்லை எடுக்கும், உண்மைதான். கூடவே வேறு பலவற்றையும் எடுக்கும். நம் தெருவில் ஒரு தம்பி, உணவு டெலிவரி வேலைக்காகத் தவணையில் எடுத்த கறுப்பு பைக்கின் டேங்கில் இதைச் செய்துவிட்டார். கலந்த தண்ணீர் போதவில்லை, துடைக்கவும் தாமதமாகிவிட்டது. டேங்க் மங்கிப்போனது, மூடியைச் சுற்றித் துரு வந்துவிட்டது. பன்னிரண்டு தவணை பாக்கி இருக்கும்போது வண்டி பத்து வருடப் பழசு போல நிற்கிறது. அவருடைய தாயார் எங்களிடம் சொல்லி வருத்தப்பட்டதுதான் இதை இவ்வளவு விரிவாக எழுத வைத்தது. இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்த வேலைக்காகவும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், பல்பொடி, சபீனா, சாம்பல் எதுவும் வண்டிக்கு ஆகாது. கல் போகுமோ இல்லையோ, கிளியர் கோட் முழுக்கக் கீறல் விழும். கறுப்பில் அந்தக் கீறல் சிலந்தி வலை போல வெயிலில் மின்னும்.

எடுக்கும் முறை

செம்பு, பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவது நம் வீடுகளில் உள்ள வழக்கம். புளியின் அமிலம் படிந்ததைக் கரைக்கிறது. இதிலும் தத்துவம் அதுதான், ஆனால் புளியில் நாரும் மண்ணும் இருக்கும் என்பதால் வண்டிக்கு வேண்டாம். மளிகைக் கடையில் ஊறுகாய்க்கு விற்கும் வெள்ளை வினிகர் போதும். அதில் அசிட்டிக் அமிலம் ஐந்து சதவீதத்துக்கு மேல் இருப்பதில்லை; அதையும் சம அளவு நல்ல தண்ணீர் கலந்து பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

அஸருக்குப் பிறகு அல்லது காலையில், நிழலில் வண்டியை நிறுத்தி, தகடு கை பொறுக்கும் அளவுக்கு அல்ல, குளிர்ந்தே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் நல்ல தண்ணீரும் வண்டி ஷாம்பும் போட்டுத் தூசியைக் கழுவ வேண்டும். தூசி இருக்கும்போது தேய்த்தால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். பிறகு வினிகர் கலவையில் மைக்ரோபைபர் துணியை நனைத்துப் புள்ளிகள் மேல் போட்டு ஒன்று இரண்டு நிமிடம் விட வேண்டும். தேய்க்க வேண்டாம், ஊறட்டும். அமிலம் பட்ட கார்பனேட் கரையக்கூடிய உப்பாக மாறிவிடும். துணியை மெல்ல இழுத்தால் வந்துவிடும். ஒரு கதவு, ஒரு பானெட் என்று ஒவ்வொரு பகுதியாகச் செய்து, உடனுக்குடன் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். வினிகரைக் காயவிட்டால் செய்த வேலை வீண். ரப்பர் பட்டைகள், பெயிண்ட் இல்லாத அலுமினியம், குரோம் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்வது நல்லது. முதன்முறை செய்கிறவர்கள் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் செய்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வினிகர் பழைய மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். ஆகவே முடித்த பிறகு மெழுகு பாலிஷ் ஒரு கை போடுங்கள்.

இரண்டு முறை செய்தும் போகாத வளையங்களுக்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே கம்பவுண்ட் போட்டு இயந்திரத்தில் சுழற்றித் தேய்ப்பார்கள். அது கறையை எடுப்பதில்லை. பள்ளத்தின் மட்டத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவுகிறது. முடியைவிட மெல்லிய பூச்சில் எத்தனை தடவை சீவ முடியும் என்று நினைத்துப் பாருங்கள். அனுபவமுள்ள கையில் ஒருமுறை செய்யலாம். வருடா வருடம் செய்ய முடியாது.

செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் பிரச்சினையே வராது என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அது தண்ணீரை முத்து முத்தாக உருளவைக்கும். வண்டி ஓடும்போது உருண்டு விழுந்துவிடும். நிற்கும் வண்டியில் அந்த முத்துகள் அங்கேயே காய்ந்தால், பரவிக் காய்ந்திருக்க வேண்டிய கல் ஒரே இடத்தில் குவிந்துவிடும். கோட்டிங் போட்ட வண்டியையும் துடைக்கத்தான் வேண்டும். கடன் வாங்கி அதைப் போடுவது தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

எந்தத் தண்ணீரில் கழுவுவது

உப்புத் தண்ணீரில் கழுவவே கூடாது என்று சொன்னால் கழுவாமல்தான் இருக்க வேண்டியிருக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்க வருவது. அதை வண்டிக்கு ஊற்றுவது எங்களுக்கே மனம் ஒப்பாத செயல். அழுக்கைப் போர் தண்ணீரிலேயே கழுவலாம். கடைசியாக ஊற்றும் அரை வாளி மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். பிறகு ஒரு துளி விடாமல் துடைத்துவிடுங்கள். துடைக்க வசதியில்லாத நேரத்தில் கழுவ வேண்டாம். அழுக்கு வண்டி நாளைக்கும் கழுவலாம்.

அந்த அரை வாளிக்கு நம்மிடம் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஏசி சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் சுண்ணாம்பு அநேகமாக இருக்காது. பள்ளியின் ஏசிக் குழாய்க்கு அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறோம். மற்றொன்று ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் பிடிக்கும் மழைநீர்.

இங்கே ஒரு தவறான சிக்கனத்தையும் சொல்ல வேண்டும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் பிடித்து வண்டி கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இயந்திரம் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் சேர்கிறது. போர் தண்ணீரைவிட அது கடினமானது. தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற அதை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. டி.டி.எஸ். மீட்டரில் எண் குறையாததைப் பார்த்து இயந்திரம் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்தத் தண்ணீரிலும் புள்ளி விழும், ஆனால் தண்ணீரிலேயே போய்விடும்.

வாட்டர் வாஷ் கடைக்குக் கொடுப்பவர்கள், உலர்ந்த துணியால் துடைத்துத் தருவார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அங்கேயும் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். மாடித் தொட்டி நிரம்பி வழியும் குழாய்க்குக் கீழேயும், தோப்பில் மோட்டார் ஓடும்போது சாரல் படும் இடத்திலும் வண்டியை நிறுத்தாதீர்கள். கழுவாத வண்டியிலும் புள்ளி வருகிறதே என்று குழம்பியவர்கள் அண்ணாந்து பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

முன் கண்ணாடியில் படிந்ததை அழகுப் பிரச்சினையாக எண்ணிவிட வேண்டாம். இரவில் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் அந்தப் புள்ளிகளில் பட்டுச் சிதறிக் கண்ணை மறைக்கிறது. மதுரையிலிருந்து நோயாளியோடு இரவில் திரும்பும் எங்கள் ஓட்டுநர் முதலில் சொன்ன புகாரே இதுதான். நாங்கள்தான் பானெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடிக்கும் வினிகர் முறையே போதும். வைப்பரைக் காய்ந்த கண்ணாடியில் ஓடவிடாதீர்கள், வைப்பர் தண்ணீர் டப்பாவில் போர் தண்ணீர் நிரப்பாதீர்கள்.

தங்கள் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். குடிக்கவும் அதே தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகள் வண்டி இல்லாவிட்டாலும் இதைச் செய்வது நல்லது.

எங்கள் வண்டியில் வினிகர் முறையை இரண்டு வெள்ளிக்கிழமைகள் காலையில் செய்தோம். கூரையும் கதவுகளும் தெளிந்துவிட்டன. பானெட்டின் இடது ஓரத்தில் ஆறேழு வளையங்கள் தழும்பாகவே நின்றுவிட்டன. இயந்திரம் போட்டால் எடுத்துவிடலாம் என்றார் பெயிண்டர். செலவையும் பூச்சையும் நினைத்து வேண்டாம் என்றுவிட்டோம். இப்போது வண்டியை ஃபஜ்ருக்குப் பிறகு கழுவுகிறார்கள், இருவராக நின்று: ஒருவர் தண்ணீர் ஊற்ற, ஒருவர் துடைக்க. துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தவர் அன்று செருப்பு மாட்டும்போது கேள்வி கேட்ட அதே பெரியவர்.